மூன்றாம் இடத்தின் கதவு

பேராசிரியர் வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார். முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்து, சேரலாமா என்று பார்க்க வந்திருக்கும் பெண்ணிடம் ஏற்கெனவே இங்கே படிக்கும் மாணவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் துறையில் செய்யும் பெருந்தன்மை இது. அறையில் நானும் வெண்டலும் அந்தப் பெண் நடீனும் மட்டும். ஜன்னலுக்கு வெளியே கரையாமல் கிடக்கும் பனியின் வெளிச்சம் பீட்சா பெட்டியின் எண்ணெய்க் கறைமேல் மினுங்குகிறது. மேசைமேல் நடீனின் போன்; திரையில் பல்கலைக்கழகத் துறைகளின் தரவரிசைப் பட்டியல், அதில் நாங்கள் மூன்றாம் இடம். "அவங்கதான் போயிட்டாங்களே. இப்ப சொல்லுங்க, அவங்ககிட்ட வேலை பாக்குறது எப்படி இருக்கு?" என்கிறாள். "நிறையக் கத்துக்கலாம்," என்கிறான் வெண்டல். "அதைத்தான் உங்க வெப்சைட்டே சொல்லுதே. நான் உங்களைக் கேட்டேன்." அவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கும்போது வராந்தாவில் ஏதோ சத்தம். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பீட்சாவை வாயில் திணித்துக்கொள்கிறோம். சத்தம் நெருங்குகிறது, சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன, கதவைத் தாண்டிப் போகிறது. தரை துடைக்கிறவரின் தள்ளுவண்டி, அவ்வளவுதான். மெல்லாமல் நின்றுபோன எங்கள் தாடைகளையும் சாத்திய கதவையும் நடீன் மாறி மாறிப் பார்க்கிறாள், புதுப் பூச்சியைக் கண்ட குழந்தையைப் போல. போன் திரை தானாக அணைகிறது. அவள் அதைத் தட்டி எழுப்பவில்லை. "போன வாரம் பாத்துட்டு வந்த இடம் பட்டியல்ல இருபத்தெட்டாவது," என்கிறாள். "அங்க கதவைச் சாத்தணும்னு யாருக்குமே தோணல."