வாப்பாவுக்கு ஒரு சேலைன்

“மிஸி, வாப்பாக்கு ஒரு சேலைன் போடுங்களேன்” என்று ஜுனைட் மறுபடியும் வந்து நின்றான்.

தாதி முஸ்பிறாவுக்குச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. “உங்கட வாப்பாட இதயம் பலவீனம். ஏத்துற தண்ணி நெஞ்சில தேங்கி மூச்சு முட்டும். வேணாமெண்டு டொக்டரே சொல்லிட்டார்.”

“பின்னேரம் வாப்பாட தங்கச்சி, சாய்ந்தமருது மாமி வாறா. போத்தல் தொங்கல்லயெண்டா, வாப்பாவ சும்மா கிடத்தி வெச்சிருக்கான் எண்டு ஊரெல்லாம் கதைப்பா. குளுக்கோஸாவது போடுங்க.”

“அதுவும் தண்ணிதான். போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

மாமி வந்தபோது, ஜுனைடின் தந்தை மசூரின் கட்டிலருகே போத்தல் தொங்கியது. அதன் குழாய் போர்வைக்குள் போனது.

“இப்பதான் காக்காக்கு வைத்தியம் நடக்குது. சொட்டுத்தான் விழுதில்ல” என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மாமி குழாயில் இருந்த சக்கரத்தைத் திருகப் போனாள்.

“தொடாதீங்க!” முஸ்பிறா ஓடிவந்து தடுத்தாள்.

மாமியை வழியனுப்பப் போகுமுன் ஜுனைட் சொன்னான்: “பாத்தீங்களா மிஸி, சேலைன் ஏறினதும் வாப்பாட முகமே தெளிஞ்சிட்டு. நானும் போய்ச் சோறு தின்னப் போறன்.”

அவர்கள் போனதும் முஸ்பிறா போர்வையை விலக்கினாள். மசூரின் கையில் ஊசி இல்லை. மூடி கழற்றாத குழாய் முனையை அவர் விரல்களுக்குள் பிடித்திருந்தார்.

“நீங்க கெஞ்சினதால மாட்டினன். மகன்ட்டயாவது உண்மையச் சொல்லுவமா?”

“வேணாம் மகள்” என்றார் மசூர். “நான் இங்க வந்ததிலிருந்து அவன் ஒழுங்காச் சாப்பிடல்ல. இண்டைக்காவது சாப்பிடட்டும்.”