நொண்டி நண்டு

"காலம் கெட்டுப்போச்சு. கடல் துப்பின குப்பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையறாளுங்க. அதுக்கு வரிசையில வேற நிக்கறாளுங்க!"

தொகுஜி கிழவர் பட்டறை வாசலில் நின்றபடியே எரிந்து விழுந்தார். உள்ளே மருமகள் சயோ. கடலில் உருண்டு மழுங்கிய கண்ணாடித் துண்டுகளும் பீங்கான் சில்லுகளும் அவள் எதிரே தட்டுத் தட்டாகக் கிடந்தன.

"உள்ள வாங்க மாமா. ஒண்ணு காட்டணும்."

"எனக்கென்னத்துக்கு? தோடா போட்டுக்கப் போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்தாள். வெள்ளைச் சில்லு ஒன்று. அதில் நீல நண்டு.

"காலையில கரையில கிடந்தது. அவரோட டீக்கோப்பை."

ஆறு வருடங்களுக்கு முன் படகில் போனவன் அவள் கணவன் மினோரு. படகும் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. செண்டாய் நகரத்தில் இருக்கும் அவள் அக்கா, தன்னோடு வந்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். 'அவரோடது ஏதாவது ஒண்ணு கரையேறட்டும், வரேன்' என்று தினமும் விடிந்ததும் கரையைச் சலித்தாள் சயோ. பொறுக்கியதில் நகை செய்துதான் பிழைப்பு.

"அவனோடதுன்னு எவன் சொன்னான்? ஏதாவது சாப்பாட்டுக் கடைக்காரன் கொட்டியிருப்பான்."

"நான் வரைஞ்ச நண்டு மாமா. இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் மூணு. 'நொண்டி நண்டைக் குடுத்துக் கடலுக்கு அனுப்பறியே'ன்னு கேலி பண்ணிக்கிட்டே தினம் படகுக்கு எடுத்துட்டுப் போவாரு."

"கடலை நம்பாதே. அது பொய் சொல்லும்."

"ஓரத்தைத் தடவிப் பாருங்க. ஆறு வருஷம் உருட்டியிருக்கு." அவள் சில்லை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "எலும்புக்குப் பதிலா இதைக் கல்லறையில வெச்சுடுவோம். ஞாயித்துக்கிழமை நான் அக்காகிட்ட கிளம்பறேன். நீங்களும் மனசைத் தேத்திக்குங்க. அவரு வரமாட்டாரு மாமா."

"போறவ போ. எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்."

கிழவர் வாசலை விட்டு இறங்கினார்.

படகு போன அன்று அந்தக் கோப்பை கடலுக்குப் போகவே இல்லை. அவருடைய வலைக் கொட்டகையில் டீ குடித்துவிட்டு அங்கேயே மறந்து போயிருந்தான் மினோரு. அவளாவது போய்ப் பிழைக்கட்டும் என்று அதை உடைத்து, ஒரு மாதம் ஈர மணலில் தேய்த்து, இன்று அவள் நடக்கும் வழியில் போட்டவர், வழக்கம்போல் அலைத்தடுப்புச் சுவரில் ஏறி, மகனின் படகு வருகிறதா என்று பார்க்கப் போனார்.