இருட்டுச் சோதனை

விலைக்கு வந்து உச்சி வெயிலில் வெள்ளை வெளேரென்று நிற்கும் குளிர்பெட்டி டிரெய்லருக்குள் லாரிக்காரரும் அவர் மனைவியும் ஏறி நிற்கிறார்கள். "கதவைச் சாத்துங்கண்ணே. வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை இருந்தா குளிரும் அது வழியா ஓடிடும்," என்கிறார் அவர். கீழே நிற்கும் தரகர் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்துகிறார். தாழ்க்கம்பி கடகடவென்று விழுகிறது. கண்ணைக் குத்தினாலும் தெரியாத கும்மிருட்டு. பழைய வண்டிக்குள் இப்படி நின்றபோது கூரை முழுக்க நட்சத்திரம் பூத்திருந்தது; அந்தக் கோடையில்தான் ஒரு லோடு ஐஸ்கிரீம் மொத்தமும் கூழாகிப் போனது. இப்போது அவள் அண்ணாந்து பார்க்கிறாள், மூலை மூலையாகப் பார்க்கிறாள், கதவு ரப்பரை விரலால் தடவிக்கொண்டே பார்க்கிறாள். பொட்டு வெளிச்சம் இல்லை. பக்கத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிகிறது. "ஏதாச்சும் தெரியுதா?" என்கிறார். "உங்க மூக்குகூடத் தெரியல." அவருடைய சிரிப்பு வெற்றுப் பெட்டிக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக உருள்கிறது. வெளியிலிருந்து தரகர் கதவைத் தட்டுகிறார். "என்னப்பா, பாத்தாச்சா? திறக்கட்டுமா?" லாரிக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் இருட்டில் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "இன்னும் கொஞ்சம் பாக்கணும்ணே," என்கிறாள்.