நூறாவது ஆள்

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் நூறு பேர் இல்லையென்றால் தீயணைப்பு வண்டியை மாவட்டம் எடுத்துக்கொள்ளும். லோர்னா கணக்கெடுப்புத் தாள்களை மூன்றாம் முறையாக எண்ணினாள். தொண்ணூற்றொன்பது.

"என் நாயையும் எழுதிக்கம்மா," என்றார் தானியக் கிடங்கு மெர்ல்.

"சும்மா இருங்க மெர்ல். யாரையோ விட்டுட்டேன்னு தோணுது."

அப்போது சோளவயல்களுக்கு நடுவிலிருந்து ஒரு பச்சை வண்டி வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். இருவரும் பழக்கத்தில் விரல் உயர்த்தினார்கள். வண்டி கடந்த பிறகுதான் ஓட்டியவர் ஆல்வின் என்று உறைத்தது; மெர்ல் தொப்பியைக் கழற்றினார். பிப்ரவரியில் ஆல்வினின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். சனிக்கிழமைதோறும் தீயணைப்பு வண்டியைக் கழுவி வந்தவர் ஆல்வின்.

வீட்டில் ஆள் அகப்படாவிட்டால் பக்கத்து வீட்டார் சொல்லே போதும் என்பது விதி. லோர்னா புதுத் தாள் எடுத்தாள்.

"ஆல்வின் வீட்டுல எத்தனை பேரு?"

மெர்ல் சாலையைப் பார்த்தார். "ஒருத்தர்."

அவள் எழுதினாள். நூறு.

தீயணைப்பு வண்டி ஊரிலேயே தங்கியது. சனிக்கிழமை அதைக் கழுவ இருவரும் வாளியோடு போனார்கள். கொட்டகை பூட்டியே இருந்தது. கதவிடுக்கில் பார்த்தால், உள்ளே அப்போதுதான் கழுவிய வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு," என்று மெர்ல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.