பச்சை காட்டிய கை

குழந்தை கனிமலரின் மேல்கையில் சுற்றிய அளவு நாடா மறுபடியும் கடும் சத்துக்குறைவைக் காட்டும் சிவப்பில் நின்றது.

"போன மாசம் பச்சையிலதான் அனுப்பினேன் டாக்டர். வீட்ல என்னத்தக் குடுத்தாளோ," என்றார் நர்ஸ் ரெஜினா.

குழந்தையின் தாய் பேச்சி நர்ஸின் முகத்தையே பார்த்தாள். மூத்த மகள் வீட்டில் தனியாகக் கிடக்கிறாள், வார்டில் தங்க முடியாது என்று போன மாதம் அவள் அழுதபோது, நாடாவைச் சற்றே தளர்த்திப் பச்சை காட்டி வீட்டுக்கு அனுப்பியது இதே ரெஜினாவின் கைதான். அதைக் கருணை என்று நம்பி, அவர் பெயரில் விளக்குகூட ஏற்றியிருந்தாள். பச்சை வந்துவிட்டால் ஆஸ்பத்திரி தரும் சத்துமாவை நிறுத்திவிடுவார்கள் என்று ரெஜினா சொல்லவேயில்லை.

"ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போட்டியா, இல்லையா?" என்றார் டாக்டர்.

ரெஜினா நாடாவைக் கழற்றிச் சுருட்டினார்.

"அன்னைக்கி அளந்த மாதிரியே ஒருக்கா அளந்து காட்டுங்க சிஸ்டர்," என்றாள் பேச்சி. "டாக்டரும் பாக்கட்டும்."