அபியோவின் ரத்தம்

"அபியோ!"

செவிலி கூப்பிட்டதும் அவள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். ஊசி ஏறி, குழாயில் ரத்தம் நிறைந்தது.

முடிவு வரும்வரை பெஞ்சிலேயே கண்ணயர்ந்தாள். விடியுமுன் கிசுமு நகருக்கு பஸ் பிடித்து வந்த களைப்பு.

"இந்த வாரமும் வெள்ளை அணு குறைச்சல்தான்," என்றாள் செவிலி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "இந்த நிலைமையில புற்றுநோய் மருந்து ஏத்தினா உசிருக்கே ஆபத்து. ஈரல் சாப்பிடுங்க, அடுத்த வாரம் வாங்க."

"இதையேதான் ஒவ்வொரு வாரமும் சொல்றீங்க. இன்னும் முதல் ஊசியே போடல. கட்டி மட்டும் வளர்ந்துட்டே இருக்கு."

"நான் என்னம்மா பண்றது? கூட்டத்துக்குள்ள போகாதீங்க, காய்ச்சல் ஒட்டிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீன் சந்தைக் கூட்டத்தில்தான் அவள் பிழைப்பே நடக்கிறது.

வெளியே மாமரத்தடியில், அவளுடைய அதே முகம் மெலிந்துபோய்ப் போர்வைக்குள் சுருண்டிருந்தது. உடன்பிறந்த இரட்டை.

"என்னடி அடோங்கோ, மருந்து ஏத்துவாங்களா?"

"குறைச்சலாம், அபியோ."

"இன்னிக்குக் குடுத்தது உன் ரத்தமாச்சேடி! காய்ச்சல்னு ஒரு நாள் படுத்திருக்கியா நீ? மாடு மாதிரி இருக்க!"

"அதான் நானும் யோசிக்கறேன். எனக்கு இது நோயில்லன்னா உனக்கு மட்டும் எப்படி நோயாகும்? பொறந்ததுல இருந்தே நம்ம ரத்தம் இப்படித்தான் போல, நமக்கு இதுதான் சரியான அளவு."

"ஆள் மாத்திக் குடுத்தோம்னு தெரிஞ்சா திட்டுவாங்களேடி."

"திட்டட்டும்." அடோங்கோ அவளைத் தாங்கி எழுப்பினாள். "வா. இந்தத் தடவை ரெண்டு பேரும் கையை நீட்டுவோம்."