மூன்றாம் மாடிக் குருவிகள்

"பால்கனியில குருவிக்குத் தீனி வைக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? கீழே நிக்கிற காரெல்லாம் எச்சம்!"

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் குதித்தார். படிக்கட்டில் ஒரு கூட்டமே வேடிக்கை பார்த்தது.

"வைப்பேன்," என்றாள் மூன்றாம் மாடிக்காரி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியபடி.

"தண்ணியை நிறுத்திருவேன்! யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

"தாராளமா நிறுத்துங்க. நான் மட்டுமா காயப்போறேன்?"

வீறாப்பாக இறங்கிப்போனவர், காவலாளியிடம் சொல்லி அந்த வீட்டு வால்வை மூட வைத்தார்.

மறுநாள் காலை, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் சோப்புப் போட்டு, முகமெல்லாம் நுரையோடு குளியலறையிலிருந்து செயலாளர் அலறினார்: "அடியே, குழாயில தண்ணி வரலைடி!"

குருவிச் சத்தத்துக்கு நடுவே, பால்கனியிலிருந்து பதில் வந்தது:

"நேத்து நம்ம வால்வைத்தானே மூடினீங்க, மறந்துட்டீங்களா? கிண்ணத்துல கொஞ்சம் தண்ணி இருக்கு. குருவிங்க குளிச்சு முடிக்கட்டும், தர்றேன்."